வெனிசுக்குப் போன பால் பைகள்

தொண்ணூறுகளில் ஒரு நவம்பர். வெனிசில் இருந்த என் தம்பிக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் என்பதால் கூறைச்சேலையை நானும் மனைவியும்தான் ரொறன்ரோவிலிருந்து கொண்டுபோக வேண்டும்.

அந்த மாதத்தில் அங்கே கடல்நீர் தெருவுக்கே ஏறும் என்று தம்பி ரெலிபோனில் சொல்லியிருந்தான். மனைவி இரண்டு சோடி ரப்பர் பூட்ஸ் வாங்கிப் பெட்டிக்குள் வைத்தாள். நான் அவளுக்குத் தெரியாமல் அவற்றை எடுத்து எங்கள் அஜின்கோர்ட் வீட்டுக் கராஜில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் தம்பிக்கென்று இன்னும் கொஞ்சம் பயித்தம் பணியாரம் அடைத்தேன்.

கலியாணத்தன்று காலை, கடல்நீர் ஏறுகிறதென்று சைரன் ஊதியது. தம்பி வீட்டு வாசலில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டி நின்றது. மனைவி பெட்டியைத் திறந்தாள்.

"பூட்ஸ் எங்கை?"

"கராஜிலை," என்றேன்.

அவள் பலகாரம் சுற்றியிருந்த பால் பைகளைக் கழற்றினாள். கனடாவில் நாலு லீற்றர் பால் வருகிற அந்தப் பெரிய பிளாஸ்ரிக் பைகளை அவள் ஒருநாளும் எறிவதில்லை. அதைச் சொல்லி நான் எத்தனையோ தரம் சிரித்திருக்கிறேன்.

"காலை நீட்டுங்கோ."

சப்பாத்துக்கு மேலே இரண்டிரண்டாக மாட்டி, ரப்பர் பாண்டால் இறுக்கினாள்.

கூறையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தோம். நல்ல நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே மண்டபப் படி ஏறிவிட்டோம். சேலையில் ஒரு துளி ஈரமில்லை. சப்பாத்து ஊறிப்போய் நின்ற, கலியாணப் பொம்பிளையின் தகப்பன் என் காலைக் குனிந்து பார்த்தார்.

"உது எங்கை வாங்கினது, தம்பி?"

"என்ரை மனிசி கனடாவிலையிருந்து கொண்டுவந்தவ," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் பெட்டி அடுக்குவது அவள். பால் பைகளைக் கழுவி மடித்து வைப்பது நான்.