அக்காவும் ‘புரியுது’ தம்பியும்

என் அக்காவின் நகம் கடிக்கிற பழக்கம் பள்ளிக்கூடத்தோடு போய்விட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். போன வருஷம் அது திரும்பி வந்தது. நாற்பதைத் தாண்டியவள், ஊரார் பதட்டத்தைக் குறைப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள், அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று கட்டைவிரலைக் கடித்துக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு எரிச்சலாக வந்தது. உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது. பயத்தை மறைக்கத்தான் எரிச்சல் பட்டேனோ என்னவோ.

அக்கா ஒரு பெரிய மருத்துவமனையில் மனநல ஆலோசகர். டயாலிசிஸ் பிரிவுதான் அவளுக்கு வீடு, வாசல் எல்லாம். வாரத்தில் பாதி நாள் வந்து, தன் ரத்தம் குழாய் வழியாகப் போய்த் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் போதும்டா சாமி என்று ஆகிவிடும். இனி வரமாட்டேன் என்பார்கள். வராவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். அந்த நேரத்தில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருவதுதான் அக்காவின் வேலை.

நான் பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பில் இருப்பவள். ‘வலிக்கவே வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்’ என்று வாய் கூசாமல் சொல்லிச் சொல்லிப் பழகியவள். அக்கா அப்படிச் சொல்ல மாட்டாள். ஒருமுறை அவள் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் போயிருந்தேன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நர்சை விரட்டியாகிவிட்டது, சொந்த மகனையும் விரட்டியாகிவிட்டது. அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். எனக்கோ வாசலில் நிற்கும்போதே நாக்கு துறுதுறுக்கிறது, எதையாவது சொல்லேன் அக்கா என்று. ரொம்ப நேரம் கழித்து அவராகவே, “வீட்டுல எல்லாருக்கும் நான் பாரமா இருக்கேன்மா” என்றார். அதற்கப்புறம் அழுதார். மறுவாரம் ஒழுங்காக வந்து படுத்தார்.

இந்த வேலைக்குத்தான் வேட்டு வைத்தார்கள். புதிதாக வந்த நிர்வாகி ஒரு சுற்றறிக்கை விட்டார். வருகிற ஆண்டு முதல் மருத்துவ உளவியல் உரிமம் வைத்திருப்பவர்கள் மட்டுமே நோயாளியைத் தனியாகப் பார்க்கலாம். உரிமம் இல்லாதவர்கள், அதை வாங்கித் தரக்கூடிய முனைவர் படிப்பில் சேர்ந்திருந்தாலும் போதும். இரண்டும் இல்லையென்றால் காப்பீட்டுப் பிரிவில் போய் உட்கார வேண்டியதுதான். அக்காவிடம் இருந்தது முதுகலைப் பட்டமும் இத்தனை வருஷத்து அனுபவமும். அனுபவத்தைக் காகிதத்தில் காட்ட முடியாதே.

வேலையை விட்டுவிட்டுப் படிக்கிற நிலைமையில் வீடு இல்லை. மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. இந்த வாரம் பகல் என்றால் அடுத்த வாரம் இரவு. மகள் ஒன்பதாம் வகுப்பு. ஆகவே ஆன்லைன் படிப்புதான் வழி என்று அக்கா தேட ஆரம்பித்தாள்.

தேடத் தேட ஒன்று தெரிந்தது, இதில் ஒரு முழுச் சந்தையே நடக்கிறது. கடைசியில் இரண்டு இடங்கள் மிஞ்சின. முதலாவது, எல்லாமே ஆன்லைன். வீட்டு வாசலைத் தாண்ட வேண்டாம், நேர்காணல் கிடையாது, மூன்றே வருஷம். இரண்டாவது, பாடம் மட்டும்தான் ஆன்லைன். வருஷத்தில் ஒரு மாதம் நேரில் போய்த் தங்க வேண்டும், மூத்த உளவியலாளர் ஒருவரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும், முடிக்க ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும். உரிமம் கிடைக்கும் என்று பளிச்சென்று போட்டிருந்தார்கள். இடங்கள் மிகக் குறைவு என்றும், நேர்காணலில் தேறினால்தான் சேர்க்கை என்றும் போட்டிருந்தார்கள். அந்த வரியைப் படித்த நாளிலிருந்துதான் கட்டைவிரல் வாய்க்குப் போனது.

“இந்த வயசுல யார் முன்னாடியோ போய் உக்காந்து, நீ லாயக்கில்லைன்னு அவங்க சொல்லிட்டா?” என்றாள் ஒருநாள்.

“சொன்னா எந்திரிச்சு வா. தலையையா எடுத்துருவாங்க?”

“உனக்கு எல்லாமே ஈஸி.”

முதல் இடத்திலிருந்து ஒரு சேர்க்கை ஆலோசகன் பேசுவான். இளவயசுக் குரல். எதைச் சொன்னாலும், “புரியுது மேடம்” என்பான். எங்கள் வீட்டில் அவனுக்குப் பெயரே ‘புரியுது’ என்று ஆகிவிட்டது. அக்கா மகள் செல்லை எடுத்துக்கொண்டு ஓடி வருவாள், “அம்மா, புரியுது லைன்ல இருக்காரு!”

அக்கா அவனிடம் முதலில் படிப்பைப் பற்றிப் பேசினாள். அப்புறம் வேலையைப் பற்றி. அப்புறம் தூக்கம் வராததைப் பற்றி, மகளிடம் காரணமில்லாமல் கத்திவிடுவதைப் பற்றி, கேஸை அணைத்தோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பதைப் பற்றி. பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் பேசிவிட்டு வருவாள். முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும்.

மாமா தலையைச் சொறிந்துகொண்டு, “உங்கக்கா எப்படி இருக்கான்னு நான் அந்தத் தம்பிக்கு ஃபோன் போட்டுத்தான் கேக்கணும் போல” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் சொல்லிவிட்டு டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஒருநாள் ஸ்பீக்கரில் போடச் சொல்லி நானும் கேட்டேன். அக்கா கேட்டாள், “தம்பி, இந்தப் படிப்பை முடிச்சா லைசென்ஸ் கிடைக்குமா?”

“உங்க கவலை புரியுது மேடம். இவ்வளவு வருஷம் உழைச்சுட்டு, திடீர்னு இது போதாதுன்னு சொன்னா மனசு எவ்வளவு கஷ்டப்படும்...”

“ஆமா தம்பி.” அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நீங்க இத்தனை பேருக்கு ஆறுதலா இருந்திருக்கீங்க. உங்களுக்கு யாரு மேடம் ஆறுதல்?”

போன் வைத்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். “அக்கா, கேட்டதுக்கு அவன் பதிலே சொல்லலை.”

“சொல்லுவான்டி. உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்.”

“நீ கேட்டது ஆமாவா இல்லையா. அவன் சொன்னது கதாகாலட்சேபம். இதுக்கு நீ அழுவுற வேற!”

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நாள் பூரா நான் எல்லாரையும் கேக்குறேன். என்னை நீங்க யாராவது ஒரு நாள் கேட்டீங்களா, எப்படி இருக்கேன்னு? அவன் கேட்டான்.”

அவள் சொன்னது உண்மை. அவளுக்கென்ன, கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கிறாள், என்றுதான் எல்லோரும் விட்டிருந்தோம். நியாயப்படி அப்போதாவது நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் பாத்திரம் கழுவப் போனேன்.

அக்கா முதல் இடத்திலேயே சேர்வதென்று முடிவு செய்துவிட்டாள். கடைசி நாளும் வந்தது. இரண்டு இடங்களுக்கும் அன்றைக்குத்தான் கெடு. சாயங்காலம் அவள் பணம் கட்டும்போது கூட இருக்கச் சொல்லியிருந்ததால் நான் வேலையிலிருந்து நேராக அவள் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் லேப்டாப் திறந்திருந்தது. அக்கா அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“என்னக்கா, உடம்பு சரியில்லையா?”

“கண்டக்டர் ஐயா இன்னைக்கு ஒண்ணு கேட்டாருடி. ‘அடுத்த வருஷமும் நீதானேம்மா வருவே’ன்னு.”

“நீ என்ன சொன்னே?”

“‘அடுத்த வருஷத்தைப் பத்தி உங்களுக்குக் கவலையா இருக்கு, இல்லீங்களா’ன்னு சொன்னேன்.”

எனக்கு ஒன்றும் தப்பாகப் படவில்லை. “சரியாத்தானே சொல்லியிருக்கே?”

“அவரு கேட்டது ஆமாவா இல்லையா. எனக்குப் பதில் தெரியும், ‘உறுதியாச் சொல்ல முடியாதுங்க’ன்னு. பயத்துல அதைச் சொல்லாம, அவரு மனசைத் தடவிக் குடுத்தேன். அவரும் ஆமாம்மான்னு தலையாட்டிட்டு சந்தோஷமாப் படுத்துக்கிட்டாரு. வாயை மூடினப்புறம்தான் உறைச்சுது. எனக்கு அவன் செஞ்சதையே அவருக்கு நான் செஞ்சேன்.”

செல் அடித்தது. ‘புரியுது’தான். கடைசி நாளில் அடிக்காமல் இருப்பானா? அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

“வணக்கம் மேடம், பேமெண்ட் பக்கம் ஓபன் ஆகியிருக்கும். ஏதாவது உதவி வேணுமா?”

“ஒண்ணு கேக்கணும் தம்பி. இதைப் படிச்சா லைசென்ஸ் கிடைக்குமா?”

“புரியுது மேடம். கடைசி நேரத்துல இப்படி ஒரு பதட்டம் வர்றது ரொம்ப சகஜம்...”

நான் வாயைத் திறந்தேன். அக்கா கையை உயர்த்தி என்னை அடக்கினாள். அவளும் பேசவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“மேடம்? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பக்கம் இன்னும் பத்துப் பேர் இதே குரலில் இதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருப்பது லேசாகக் கேட்டது. அவன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. தொண்டையைக் கனைத்தான். சலுகை என்று ஏதோ ஆரம்பித்துப் பாதியில் விட்டான். அக்கா அசையவே இல்லை.

“கிடைக்காது மேடம்” என்றான் கடைசியில். குரல் ரொம்பவும் இறங்கியிருந்தது. “பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுக்கலாம். பேஷன்ட்டைப் பாக்க முடியாது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நானே இங்கதான் படிக்கிறேன் மேடம். ரெண்டாவது வருஷம். இந்த வேலை பாத்தா ஃபீஸ்ல கொஞ்சம் கழிப்பாங்க. நானும் சைக்காலஜிதான். உங்களை மாதிரி நானும் பேஷன்ட் பக்கத்துல உக்காரணும்னுதான் சேர்ந்தேன். சேர்ந்தப்புறம்தான் தெரிஞ்சுது.”

அவனைத் திட்டுவதற்கு வண்டி வண்டியாக வைத்திருந்தேன். எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அக்கா பணம் கட்டும் பக்கத்தை மூடினாள்.

“வேற எங்கயாவது பாத்து வச்சிருக்கீங்களா மேடம்?”

“இருக்கு. லைசென்ஸ் கிடைக்கும். ஆனா வருஷா வருஷம் ஒரு மாசம் நேர்ல போகணும், இன்டர்வியூ உண்டு. என்னைச் சேத்துப்பாங்களான்னு தெரியலை. சேக்கலைன்னா என் நாற்காலி போயிடும். எனக்குப் பயமா இருக்கு தம்பி.”

அவன் ‘புரியுது’ என்று சொல்லவில்லை. அப்புறம், யாருக்கும் கேட்காமல் கையால் வாயை மூடிக்கொண்டு பேசுகிற மாதிரி, “அந்த விவரத்தை எனக்கும் தர்றீங்களா மேடம்? வேலையில இருந்துகிட்டே சேர முடியுமா?” என்றான்.

மேசைக்கு அடியில் அக்காவின் காலை ஓங்கி மிதித்தேன். இருப்பதே நாலைந்து இடம், அதற்கு இவனையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைப்பாளா? என் அக்காவைப் பற்றித் தெரிந்தும் மிதித்தேன் பாருங்கள்.

“முடியும்” என்றாள் அக்கா. “இன்னைக்குத்தான் கடைசி நாள். எழுதிக்கோங்க. நானும் இனிமேதான் அனுப்பணும், தனியா அனுப்பத் தைரியம் இல்லை. ஃபோனை வச்சிடாதீங்க தம்பி, லைன்லயே இருங்க.”