கூப்பிட்டுப் பார்க்காமல் மூடாதீங்க

யட்டியாந்தோட்டைப் பக்கம் அன்று விடிந்ததிலிருந்தே மழை. தோட்ட ஆஸ்பத்திரியில் அப்போதுதான் கம்ப்யூட்டரைப் போட்டிருந்தேன். மருந்து கொடுக்கும் தர்மதாச ஐயா நனைந்த குடையோடு வாசலில் நின்று, "ராணி மிஸ் நெதி உனா" என்றார். இல்லாமல் போய்விட்டார் என்று சிங்களத்தில் வந்த அந்தச் செய்தியை நான் யாருக்கும் தமிழில் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயந்தேன்.

ராணி மிஸ், அதாவது செல்வராணிதான் எங்கள் கம்ப்யூட்டர் பிரிவை நடத்தினார் என்பது அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களுக்குத் தெரியும். பிரிவு என்றால் அவர், நான், ஒரு நர்ஸ், ஐயா. "டைப் அடிக்கிறவங்க மட்டும் டீம் இல்லங்க. மருந்து குடுக்கிறவரும் சேந்தாத்தான் டீம்" என்பார். பயமாயிருக்கிறது என்று நழுவிய ஐயாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து மவுஸைப் பிடிக்கவைத்த ஆள் அவர்.

ஒருமுறை மேல் டிவிஷன் மாரிமுத்து இறந்தார். எங்களில் ஒருவர் கம்ப்யூட்டரில் கீழ் டிவிஷன் மாரிமுத்துவின் பதிவை மூடிவிட்டார். உயிரோடிருந்தவர் சீனி வியாதிக்கு மருந்து வாங்க வந்தபோது, திரை அவரைக் காலமானவர் என்றது. "அப்ப நான் யாருங்க?" என்று கேட்டார். வாங்குப் பலகையில் பக்கத்தில் இருந்தவர்கள் மெல்லத் தள்ளி உட்கார்ந்தார்கள். லயத்தில் அவர் மகளே முகத்தைப் பார்க்காமல் சோறு வைத்தாளாம்.

"யார் செஞ்சாங்கன்னு கேக்காதீங்க, எப்படி நடந்துச்சுன்னு கேளுங்க" என்றார் ராணி. அன்றே ஒரு வழக்கம் வைத்தார். இறந்தவரின் பதிவை மூடுமுன், கிளினிக் நாளில் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்துக்குப் போய் அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். அதே பெயர்க்காரர் இருந்தால் தெரிந்துவிடும். செத்தவர் பெயர் கேட்டதும் கூடமே அடங்கிப்போகும். எனக்கு அது பிடிக்கவே இல்லை. "பேயைக் கூப்பிடுற வேலையா இது?" என்று சண்டை பிடித்திருக்கிறேன்.

"வந்தா மருந்து குடுப்போம்" என்று சிரிப்பார்.

காரியம் முடிந்தபின் ராணியின் பதிவை மூடவேண்டி வந்தது. அவரும் எங்களிடம்தான் பிரஷருக்கு மருந்தெடுத்தார். பெயரைத் தேடித் திரையில் திறந்துவைத்தேன். "அவங்க செத்தது நமக்குத் தெரியாதா, எதுக்குக் கூப்பிடணும்?" என்றேன்.

"கூப்பிடுங்க மிஸ்" என்றார் ஐயா, தமிழில்.

போய் நின்று, "செல்வராணி" என்றேன். தகரத்தில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்.

"இருக்கேங்க."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். இருட்டு மூலையில் நனைந்த கம்பளியோடு ஒரு பெண் எழுந்தார். கித்துல்கலப் பக்கமிருந்து எங்கள் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அதே பெயர், அதே வியாதி. திரும்பி வந்து பார்த்தேன். நான் மூடுவதற்குத் திறந்துவைத்திருந்தது அவருடைய பதிவு.

அவர் மருந்தோடு போன பிறகு ராணியின் பதிவைத் தேடி எடுத்தேன். மறுபடி கூடத்துக்குப் போய்க் கூப்பிட்டேன். இந்தத் தடவை யாரும் பதில் சொல்லவில்லை. அப்போதுதான் அழுதேன்.

அந்தக் கூப்பிடுதலைத்தான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டேன். இப்போதும் கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் நின்று பார்க்கிறேன்.