கல்லறை நடையை நாங்கள் வலமாகச் சுற்றிய மாலை

ஒக்ரோபர் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை, மோர்னிங்சைட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து 132 கிலோமீற்றர் தள்ளி ஒரு கிராமத்துக்குப் போய் வந்தோம். இலையுதிர்காலக் கொண்டாட்டம், பூசணிக்காய்ப் போட்டி, தருமத்துக்குக் காசு சேர்ப்பு என்று இந்த மாதத்தில் கவுன்ரி என்கிற நாட்டுப்புற மாவட்டங்களிலெல்லாம் ஏதாவது நடக்கும். போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். ஆனால் ஏன் போனோம் என்பதை முதலில் சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது.

என் மனைவி வசந்தியின் தம்பி குமரன் போன வருடம் ஆவணியில் மாரடைப்பால் போய்விட்டான். நாற்பத்தொரு வயது. கிரியை முடிந்து எரியூட்டப் புறப்படுகிற நேரம், ஊரிலிருந்து தொலைபேசியில் ஒரு பெரியம்மா, பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லை என்றார். வசந்தி என் முகத்தைப் பார்த்தாள். பெரிய ஆட்கள் எதைச் சொன்னாலும் தலையாட்டியே வளர்ந்தவன் நான். "நீர் நில்லும், நான் பாக்கிறன்" என்றேன். இந்த நாட்டில் பெண்களும் போய் நிற்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அதை விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை.

அங்கே நான் என்ன பார்த்தேன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பல்லு வைத்தியரிடம் போய் வந்தாலே அரை மணித்தியாலம் கதை சொல்கிற ஆள், இந்த ஒன்றை மட்டும் பதினான்கு மாதம் விழுங்கிக்கொண்டு திரிந்தேன். அவள் வேலை, வீடு என்று இருந்தாள். நயாகராவுக்குக் கூட்டிப்போனேன், காரைவிட்டு இறங்கவில்லை. தௌசண்ட் ஐலன்ட்ஸ் போனோம். படகில் நித்திரை கொண்டாள். பிள்ளைகள் இரண்டும், "அப்பா, ட்ரை சம்திங் ஸ்மோல்" என்றார்கள். அப்படி அகப்பட்டதுதான் இந்தக் கிராமம்.

11 மணிக்குப் புறப்படுவதாகத் திட்டம். 12.20க்குப் புறப்பட்டோம். கார்த் திறப்பு என் கையிலேயே இருந்ததைக் கண்டுபிடிக்க அவ்வளவு நேரம். 401 நெடுஞ்சாலையில் கிழக்கே 55 கிலோமீற்றர், பிறகு வடக்கே 50, கடைசி 27 கவுன்ரி வீதி. அந்த 27 கிலோமீற்றரில் தொலைபேசிக்கு இரண்டு இடத்தில்தான் சிக்னல் வரும். வரைபடத்தை முன்னரே இறக்கி வையுங்கள்.

அந்த 27இல் ஒரு மனிதரைக்கூடக் காணவில்லை. ஆனால் எல்லா வீட்டு வாசலிலும் ஆள் இருந்தது. ஒரு வீட்டு முன் கதிரையில் தொப்பி போட்ட ஒருவர் இருந்தார், மரியாதைக்குக் கை காட்டினேன். அடுத்த வீட்டிலும் ஒருவர். அவருக்கும் காட்டினேன். மூன்றாவது ஆளின் கை, சட்டைக்குள்ளிருந்து வைக்கோலாக வெளியே வந்திருந்தது.

"உதுகள் வெருளியள், அப்பா," என்றாள் வசந்தி.

வயலில் காகம் விரட்ட வைப்போமே, அவைதான். கிராமத்து வழக்கமாம், வீட்டுக்கு ஒன்று செய்து வாசலில் இருத்துவார்கள். உடுப்பு எல்லாம் வீட்டு ஆட்களின் உடுப்பு. சப்பாத்து, மூக்குக்கண்ணாடி, ஒன்றின் மடியில் பாதி பின்னிய கம்பளி. காற்று வந்தபோது வீதி முழுக்க இருந்த வெருளிகள் ஒரே பக்கம் தலையைத் திருப்பின. வீதியோரத்தில் பூசணிக்காய் மேசை இருந்தது, விற்க ஆளில்லை, காசு போட ஒரு போத்தல் மட்டும். 8 டொலரைப் போட்டுவிட்டு, யாரோ பார்த்துக்கொண்டிருக்கிற எண்ணத்தில் வெறும் மேசைக்கு நன்றி சொன்னேன்.

2.15க்கு மண்டபத்துக்குப் போனபோதுதான் சனத்தைக் கண்டோம். முழுக் கிராமமும் உள்ளேதான். வாகனம் நிறுத்த 10 டொலர், தீயணைப்பு நிலையத்துக்குப் போகிறது. அப்பிள் பை ஒரு துண்டு 5 டொலர், நூலகத்துக்கு. ஒரு மனிதர் தன் பூசணிக்காயைத் தூக்க நாலு பேரைத் தேடினார். நானும் பிடித்தேன், இடுப்பு மூன்று நாள் நொந்தது. எல்லாரும் நல்ல சனம். எங்கள் நிறத்தில் நாங்கள் இரண்டு பேர்தான், ஆனால் ஒருவரும் முறைத்துப் பார்க்கவில்லை. வசந்தி இரண்டு துண்டு சாப்பிட்டாள். எனக்குப் பெரிய வெற்றி.

அந்த உற்சாகத்தில் ஒரு மேசையில் லாந்தர் படம் போட்ட மாலை நடைக்கு ஆளுக்கு 20 டொலர் கொடுத்து இரண்டு ரிக்கற் எடுத்தேன். சாகக் கிடப்பவர்களைப் பராமரிக்கும் இல்லத்துக்குப் போகும் காசு. 6 மணிக்குத் தொடக்கம். துண்டுப் பிரசுரத்தை முழுதாக வாசித்தது வரிசையில் நின்றபோதுதான். நடை நடப்பது சேமக்காலைக்குள். ஊர் ஆட்கள் பழைய காலத்து உடுப்புப் போட்டு ஒவ்வொரு கல்லறைக்கும் பக்கத்தில் நிற்பார்கள். அங்கே புதைக்கப்பட்டவர் தானே எழுந்து வந்து பேசுகிறமாதிரித் தன் கதையைச் சொல்வார்கள். மொத்தம் ஒன்பது பேர்.

வாசலில் வைத்துத்தான் வசந்திக்குச் சொன்னேன். பிரசுரத்தை வாங்கி ஆறுதலாக வாசித்தாள்.

"உதுக்கோ என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

திரும்பிப் போவோம், காசு தருமத்துக்குத்தானே என்றேன். அவள் பிரசுரத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"ஆம்பிளையள் மட்டும்தான் போகலாமெண்டு இதிலை எழுதியிருக்கோ? வாங்கோ."

ரிக்கற் இரண்டையும் எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனேன்.

உள்ளே போனதும் அம்புக்குறி வலக்கைப் பக்கம் காட்டியது. வசந்தி நின்றுவிட்டாள். அந்தப் பக்கம் போனால் கல்லறைகள் முழுக்க எங்கள் இடக்கைப் பக்கம் வரும். அது கொள்ளிக்குடத்தோடு பிணத்தைச் சுற்றுகிற சுற்று. கோயிலில் சுற்றுவதுபோல வலமாகத்தான் வருவேன் என்றாள். வாசலில் நின்ற தொண்டருக்கு என்னுடைய ஆங்கிலத்தில் விளக்கினேன். சமயம், வலது கை, கோயில் என்று நான் கையைச் சுழற்றிய சுழற்றில் அவருக்குத் தலை சுற்றியிருக்கும். கடைசியில் ஒரு லாந்தரைத் தந்து, கவனமாகப் போங்கள் என்றார்.

அப்படியாகச் சனம் எல்லாம் ஒரு பக்கம் போக, நாங்கள் இரண்டு பேரும் மற்றப் பக்கம் போனோம்.

சூரியன் 6.30 அளவில் இறங்கியது. மேப்பிள் இலைகள் கணுக்கால் ஆழத்துக்குக் கிடந்தன. முதலில் வந்தது ஒன்பதாம் கல்லறை. கறுப்புத் தொப்பியுடன் ஒரு உருவம், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அசையாமல் நின்றது. வழமையாக ஆட்கள் வரும் திசையைப் பார்த்து நிற்கிறார் என்பது மூளைக்குத் தெரிந்தாலும் காலுக்குத் தெரியவில்லை. இருமினேன். அவர் துள்ளிய துள்ளலில் தொப்பி விழுந்தது. செத்தவரைப் பயப்படுத்திய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, தான் இந்த ஊர் ரயில் நிலைய அதிபர் என்றும் ஒரு பனிக்காலத்தில் செத்துப்போனதாகவும் சொன்னார். நான் செத்தேன் என்று உயிரோடு நிற்கிற ஆள் வாயால் சொல்வதை வசந்தியால் தாங்க முடியவில்லை. உள்ளங்கையைக் கிள்ளினாள். என் உள்ளங்கையை.

தலைகீழாகப் போவதில் இன்னொரு வில்லங்கம் இருந்தது. ஏழாம் கல்லறைக் கிழவர், தான் ஆற்றில் விழுந்த கதையைச் சொல்லிவிட்டு, "முன்கதையை என் மனைவி உங்களுக்குச் சொல்லியிருப்பாளே" என்றார். அந்த மனைவியை நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை. ஆறாம் கல்லறையில் அவர் நின்றார். புருசன் சந்தைக்குப் போயிருக்கிறார், இருட்ட முன் வந்துவிடுவார் என்று சந்தோசமாகச் சொன்னார். ஆற்றில் விழுந்ததை நாங்கள் இப்போதுதான் கேட்டுவிட்டு வருகிறோம். அவருடைய முகத்தைப் பார்க்க முடியாமல் லாந்தரைக் கீழே பிடித்தேன். ஒவ்வொரு கதை முடிவிலும் மற்றவர்கள் மெல்லக் கை தட்டினார்கள். நாங்களும் தட்டினோம்.

மூன்றாம் கல்லறையோடு வெள்ளை நாடா கட்டி, பாதையை நடுவால் குறுக்கே வெட்டி இரண்டாம் கல்லறைக்குத் திருப்பியிருந்தார்கள். வலம் வரத் தொடங்கிவிட்டுக் குறுக்கே போகக்கூடாது என்பது வசந்தியின் சட்டம். நாடாவைத் தூக்கிக் கீழால் நுழைந்து வேலியோரமாகவே போனோம். அங்கே சனமில்லை. பழைய கற்கள் முடிந்து, மினுக்கிய புதுக் கற்கள் தொடங்கின.

வேலி மூலையில் ஒரு வெளிச்சம். மடக்குக் கதிரை இரண்டு. ஒன்றில் எங்கள் வயதில் ஒரு பெண் இருந்தார். மற்றது வெறுமை. பழைய காலத்து உடுப்பில்லை, சாதாரண நீலக் குளிர்ச்சட்டை. இது நவீன காலத்து ஆவி போலும் என்று நினைத்துக்கொண்டேன். இலக்கப் பலகையைத் தேடினேன், இல்லை. அவர் எங்களை இமைக்காமல் பார்த்தார். வசந்தி போய் அந்த வெறுங்கதிரையில் இருந்தாள். நான் பின்னால் நின்று, தயவுசெய்து தொடங்குங்கள் என்றேன்.

கல்லை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்கினார். தன் கணவர் டேல் இந்தக் கவுன்ரியில் ஸ்னோ தள்ளுகிற ட்ரக் ஓட்டினவராம். எல்லார் வீட்டு வாசலிலும் பனியைக் குவித்துக்கொண்டு வருவார், தன் வீடு வந்ததும் மட்டும் பலகையைத் தூக்கிவிடுவார். முழு ஊரும் திட்டியது. தபாலில் நாலு முறைப்பாடு வந்தது. நாலையும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தார். சிரிக்கும்போது ஒரு கண்ணைத்தான் மூடுவார். விசிலடிப்பார், ஒரு பாட்டும் பிடிபடாது. மாசி மாதம் அடக்கம் செய்தார்களாம். தரை உறைந்து கிடந்தது, குளிருக்குள் நிற்கவேண்டாம், காருக்குள் இரு என்று எல்லாரும் சொன்னார்களாம். நான் இருக்கவில்லை, கடைசி மண் விழும்வரைக்கும் நின்றேன் என்றார்.

அவர் நிறுத்தினார். நான் கை தட்டினேன்.

அந்தச் சத்தம் வேலியில் பட்டுத் திரும்பி வந்தது. வசந்தி திரும்பிப் பார்த்த பார்வையில் லாந்தரைத் தூக்கிக் கல்லைப் பார்த்தேன். இரண்டு பெயர் வெட்டியிருந்தது. ஒன்று டேல், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு. மற்றது மார்லீன், பிறந்த ஆண்டு, ஒரு கோடு, அதற்குப் பிறகு வெறும் கல். அந்தப் பெண்ணின் நெஞ்சில் மண்டபத்தில் எல்லாருக்கும் ஒட்டிவிட்ட பெயர்ச்சீட்டு இருந்தது. மார்லீன் என்று எழுதியிருந்தது.

தன் பெயர் வெட்டின கல்லுக்கு முன்னால் இருந்து அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். மன்னிப்புக் கேட்டேன், மூன்று தரம். பரவாயில்லை, ஏழு வருடமாக ஒவ்வொரு நடைக்கும் இரண்டு கதிரையோடு வந்து இருக்கிறேன், வந்து இருந்த முதல் ஆட்கள் நீங்கள்தான் என்றார். செத்து ஐம்பது வருடம் ஆனவர்களைத்தான் நடையில் சேர்ப்பார்களாம், ஊர்ச் சட்டம். "ஐம்பது வருடம் கழித்து அவரைக் காணாத ஒருவன் இங்கே நின்று பேப்பரைப் பார்த்து வாசிப்பான். நான் கண்டவள், எனக்குத் தெரியும். அதுதான் இப்போதே சொல்கிறேன்."

வசந்தி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. இந்தப் பயணத்தில் நான் நேரம் பார்க்காத இடம் அது ஒன்றுதான்.

வாசலில் லாந்தரைத் திருப்பிக் கொடுத்தபோது தொண்டர் விசயத்தை ஊகித்துவிட்டார். மார்லீன் அங்கே வருவது ஊருக்கே தெரியுமாம். தனியாக விடுவதுதான் மரியாதை என்று எல்லாரும் நினைத்து, ஒருவரும் அந்தப் பக்கம் போவதில்லையாம். அந்த மரியாதை எனக்கும் பழக்கமானது.

7.40க்குப் புறப்பட்டோம். இருட்டில் வெருளிகள் கார் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எழும்பி எழும்பி மறைந்தன. கவுன்ரி வீதி முடிகிற இடத்தில் வசந்தி வானொலியை நிறுத்தினாள்.

"அண்டைக்கு உள்ளுக்கை என்ன நடந்தது? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ."

பகிடியாகத் தொடங்கப் பார்த்தேன். வரவில்லை. பெட்டி வைத்த வண்டிலின் ஒரு சில்லு கீச்சிட்டதைச் சொன்னேன். தகன அடுப்பின் பொத்தானை அமத்தச் சொன்னபோது வசந்தியின் சித்தப்பா மகன் கையை வைத்துவிட்டு அமத்தாமல் நின்றதையும், அவன் கைக்கு மேலே என் கையை வைத்து நான்தான் அமத்தினேன் என்பதையும் சொன்னேன். பிறகு வந்த சத்தம், எங்கள் பேஸ்மென்றில் வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ் பற்றுகிற அதே சத்தம். போன பனிக்காலம் முழுக்க அது பற்றுகிற நேரமெல்லாம் பனி தள்ளுகிற சவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேனே, பனியே இல்லாத நாளிலும், அது அதுக்குத்தான் என்றேன்.

"எத்தினை மணிக்கு அமத்தினனீங்கள்?"

"பன்ரண்டு பத்துக்கு."

கொஞ்சத் தூரம் போனபிறகு சொன்னாள். "அப்ப நான் வீட்டு ஹோலைக் கழுவிக்கொண்டு நிண்டனான். தம்பியின்ரை செருப்பு வாசல்லை கிடந்தது. அதைச் சுத்திக் கழுவினனான்."

இனிப் போகிறவர்களுக்கு. இப்படியான விழாக்கள் புரட்டாதி கடைசியிலிருந்து ஐப்பசி நடுப்பகுதிவரை கவுன்ரிகளில் நடக்கும். நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பார்கள். இந்தக் கிராமத்தின் பெயரை வேண்டுமென்றுதான் எழுதவில்லை. மார்லீனைப் பார்க்கவென்று ஆட்கள் வரிசையில் நிற்க வேண்டாம். உங்களுக்குப் பக்கத்திலேயே அப்படி ஒருவர் இருப்பார். சில்லறைத் தாள் கொண்டுபோங்கள், கடனட்டை எடுக்கமாட்டார்கள். சப்பாத்து ஈரமாகும். துண்டுப் பிரசுரத்தை ரிக்கற் எடுக்கமுன் வாசியுங்கள். எங்களுக்கு எரிபொருள் 36 டொலரும், மற்றதெல்லாம் சேர்த்து 68 டொலரும் முடிந்தன.

திரும்பும் வழிக்கு ஒரு மணி நாற்பது நிமிடம் என்று கணக்குப் போடுங்கள். எங்களுக்கு இரண்டு மணி ஐந்து நிமிடம் எடுத்தது. கடைசி இருபத்தைந்து நிமிடமும் எங்கள் வீட்டு வாசலில், எஞ்சினை நிறுத்தின காருக்குள்.