ரெண்டு சூரியன் காய்ந்த அடையாறு

1. வெள்ளிக்கிழமை

"சார், உங்க அடையாறுல ரெண்டு சூரியன் காயுதே, கவனிச்சீங்களா?"

தேனாம்பேட்டை கேலரியில் சுதா மேடம் இப்படிக் கேட்டதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பாராட்டுகிறார் என்று நினைத்து, "ஆமா மேடம், கொஞ்சம் ரிஸ்க் எடுத்தேன்" என்றேன். அவர் பென்சிலைத் திருப்பிப் பிடித்து என் படத்தில் தொட்டுக் காட்டினார். உடைந்த பாலத்தின் தூண்களுக்கு நிழல் மேற்கே விழுந்திருந்தது. பக்கத்திலேயே நின்ற படகுக்கு நிழல் கிழக்கே விழுந்திருந்தது. எனக்குக் காது ரெண்டும் சுட்டது. இருபத்தைந்து வருஷமாக நிலக்காட்சி வரைகிறவன். நிழல் எந்தப் பக்கம் விழும் என்பது இந்தத் தொழிலில் ஆனா ஆவன்னா.

விஷயம் இதுதான். ஜனவரியில் அந்த கேலரியில் ஒருவருக்குத் தனிக் கண்காட்சி வைக்க இடம் இருந்தது. அடையாறு முகத்துவாரத்தை வரைந்து ஆளுக்கு ஒரு வாட்டர்கலர் கொண்டு வாங்க, பார்த்துச் சொல்கிறேன் என்று மேடம் இரண்டு பேரிடம் கேட்டிருந்தார். ஒருவன் நான். வயது ஐம்பத்திரண்டு. இதுவரை குழுக் கண்காட்சிதான். அதிலும் பாத்ரூமுக்குப் போகும் வழியில்தான் என் படம் தொங்கும். இன்னொருவன் சேகர்.

சேகர் என்னோடு ஓவியக் கல்லூரியில் படித்தவன். அன்று என்னிடம் பிரஷ் கடன் வாங்கியவன். இப்போது அடையாறில் சனிக்கிழமை வகுப்பு எடுக்கிறான், சேர வெயிட்டிங் லிஸ்ட். தினமும் சாயங்காலம் ஆற்றங்கரையில் தனியாக உட்கார்ந்து வரைவான். வரைந்ததைப் போட்டோ எடுத்து, கீழே ஒரு வரி எழுதி இன்ஸ்டாகிராமில் போடுவான். 'தனிமையில் உட்கார், ஆறு உன்னோடு பேசும்.' என்னோடு அங்கே கொசுதான் பேசியிருக்கிறது. பொறாமை என்று சொன்னால் அதற்கு ஒரு கௌரவம் வந்துவிடும். எனக்கு இருந்தது அரிப்பு.

அந்த அரிப்பில் ஒரு காரியம் செய்தேன். அவன் சாயங்காலம் உட்காரும் அதே கல்லில் நான் காலையில் போய் உட்கார்ந்தேன். மடியில் பேப்பர், முட்டி மேல் போன். ஆற்றை ஒரு தரம் பார்த்தால், முந்தின நாள் அவன் போட்ட படத்தை மூன்று தரம் பார்த்தேன். படகின் நிழலை அவன் அவ்வளவு அழகாகப் போட்டிருந்தான். எடுத்து அப்படியே போட்டேன். பாலம் என் காலையில் நின்றது. படகு அவன் சாயங்காலத்தில் மிதந்தது.

"திங்கட்கிழமைதான் முடிவு பண்றேன். வேணும்னா வேற ஒண்ணு கொண்டு வாங்க" என்றார் மேடம்.

2. சனிக்கிழமை

காலையில் பல் விளக்கிவிட்டுக் கண்ணாடி முன் நின்றேன். பாசிட்டிவாக நினைக்க வேண்டும், அதை வாய்விட்டும் சொல்ல வேண்டும் என்பது சேகரின் இன்னொரு வரி. "நான் அமைதியானவன். ஆறு எனக்காக ஓடுகிறது" என்று மூன்று தரம் சொன்னேன்.

"ஆறு ஓடட்டும். டேங்க்ல தண்ணி இல்ல, மோட்டாரைப் போடுங்க" என்றாள் சமையலறையிலிருந்து என் மனைவி.

மோட்டாரைப் போட்டேன். போனை அவளிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். சேகரின் கல்லைத் தாண்டி, அதே கரையில் குப்பத்து ஆட்கள் வலை உலர்த்தும் இடத்தில் உட்கார்ந்தேன்.

தனிமைதான் எனக்கு ஆக்சிஜன் என்று வருஷக்கணக்காக எல்லாரிடமும் சொல்லி வந்தவன் நான். போன் இல்லாமல் கால்மணி நேரம் இருந்ததும் மூச்சு முட்டியது. எதைப் பார்த்தாலும் 'சேகர் இதை எப்படிப் போடுவான்' என்றே வந்தது. பேப்பரை நனைத்தேன், காய்ந்தது. மறுபடி நனைத்தேன். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த அந்தோணி அண்ணன் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், தண்ணியா தெளிச்சுக்கினு கீற? கோலம் போடப் போறியா?"

"எதை வரையறதுன்னு தெரியலண்ணே."

"எதிர்ல அம்மாம் பெரிய ஆறு கீது, தெரியலன்ற. எப்பவும் போனைத்தானே பாத்துக்கினு இருப்ப. அது எங்க?"

"வீட்ல வெச்சுட்டேன்."

"அப்ப சீக்கிரம் போடு நைனா. கடல் உள்ள இழுக்குது, தண்ணி எறங்கிக்கினே கீது. இன்னும் கொஞ்ச நேரம் போனா வெறும் சேறுதான்."

பதறிப்போய் வானத்துக்கு நீலத்தை நீர்க்கக் கரைத்து ஒரு வாஷ் அடித்தேன். அது காய்வதற்குள் பாதி ஆற்றைக் காணோம். எனக்கு அழுகையே வந்தது. வேறு வழியில்லாமல் சேற்றைப் பார்த்தேன். ஈரம் மின்னியது. நண்டு துளைத்த ஓட்டைகள், கொக்கு நடந்துபோன தடம், கவிழ்ந்து கிடந்த ஒரு பிளாஸ்டிக் வாளி. பர்ன்ட் அம்பர் பழுப்பைக் கரைத்து அதையே போட ஆரம்பித்தேன். வாளியின் நிழல் நகர நகர விரட்டாமல், முதலில் பார்த்த இடத்திலேயே நிறுத்தினேன்.

முடித்து நிமிர்ந்தபோது அந்தோணி அண்ணன் வலையைச் சுருட்டிக்கொண்டு போயிருந்தார். ரெண்டு மணி நேரம் சேகரை நினைக்கவே இல்லையே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில்தான் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டான்.

3. திங்கட்கிழமை

மேடம் சேற்றை வெகுநேரம் பார்த்தார். "இது நல்லா இருக்கு சார். இந்த மாதிரி எத்தனை வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணு."

"எனக்கு ஒரு ஹால் நிரம்பணும். சேகர்கிட்ட முப்பது இருக்கு."

ஜனவரி சேகருக்குப் போயிற்று. சிரித்துக்கொண்டே வாழ்த்தினேன், தாடை வலி மூன்று நாள் இருந்தது. "முப்பது சேர்த்துட்டு வாங்க, நான் பார்க்கறேன்" என்றும் மேடம் சொன்னார். தனியாக உட்கார்ந்தால் படம் தானாக வரும் என்று புதிதாக வரையக் கிளம்புகிறவர்கள் நம்ப வேண்டாம். நான் தனியாகத்தான் உட்கார்ந்தேன், தலைக்குள் ஒருத்தன் கூடவே இருந்தான். அவனை முழுக்க விரட்ட எனக்குத் தெரியாது. எதிரில் இருப்பது கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்ற பயம் வந்தால், கொஞ்ச நேரம் அவனுக்கு இடம் இருக்காது. அவ்வளவுதான் நான் கற்றது.

நான் கிளம்பும்போது சேகர் வந்தான். சுவரில் சாய்த்து வைத்திருந்த என் சேற்றின் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டான்.

"டேய், தினம் அங்கதான்டா இருக்கேன். இது என் கண்ணுல படவே இல்லையே. எங்க உட்கார்ந்து போட்ட?"

"எதிர்க்கரைடா. பட்டினப்பாக்கம் பக்கம்" என்று சொல்லிவிட்டுப் படத்தைத் துணியில் சுற்றினேன்.