எஸ்தரின் மஞ்சள் அட்டை

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தொழிற்சாலையின் முதல் ஷிஃப்ட் காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பேக்கிங் மேசையில் எனக்கு எதிரே எஸ்தரின் இடம் காலியாக இருந்தது. ஆறேகாலுக்கு அவர் ஊர்க்காரப் பெண் வள்ளி வந்து சொன்னாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரம் இல்லையாம். எட்டு மணிக்கெல்லாம் காண்ட்ராக்டர் அந்த இடத்துக்கு வேறொரு பெண்ணை அனுப்பிவிட்டார். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு வந்த கோபம் நியாயமே இல்லாதது.

எஸ்தரோடு வேலை செய்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை: எஸ்தர் ஆரம்பாக்கத்துக்காரர், வயல் கூலிகளின் மகள். பன்னிரண்டு வருடம் நம்மோடு இருந்தும் கடைசிவரை ஒப்பந்தத் தொழிலாளிதான். அவர் கழுத்தில் மஞ்சள் அட்டை, என் கழுத்தில் நிரந்தரத் தொழிலாளியின் நீல அட்டை. ஒரே மேசையில் ஒரே பெட்டிக்கு டேப் ஒட்டினோம். சம்பளம் மட்டும் என்னுடையதில் பாதிகூட அவருக்குக் கிடையாது.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், சங்கக் கமிட்டிக்காரன் என்ற மிதப்பில், இந்தச் சம்பள அநியாயத்தைப் பற்றி அவரிடமே பேச்சை எடுத்தேன். அவர் டிபன் பாக்ஸை மூடி வைத்தார்.

“வயித்தெரிச்சல் இல்லாம இல்லண்ணா. நீ ஐடிஐ படிச்சே, முன்னாலயே வந்தே, உனுக்குக் கூடக் குடுக்கறான். அத்த எப்டியோ முழுங்கிக்கினு போயிடலாம். ஆனா மீட்டிங்ல என்னை சைக்கிள் ஸ்டாண்டாண்ட ஒதுக்கி நிக்க வெக்கிறது கம்பெனி இல்ல. நீங்க.”

நானும் என் டிபன் பாக்ஸை மூடிவிட்டு மேசைக்குத் திரும்பினேன்.

நம் வழக்கம் தெரிந்ததுதான். எதை முடிவு செய்வதானாலும் தொழிற்சாலை வாசலில் சங்கம் கூட்டும் வாயிற்கூட்டத்தில் கழுத்து அட்டையைக் கையில் பிடித்து உயர்த்துவோம். நீல அட்டைக்குத்தான் வாக்கு. மஞ்சள் அட்டைக்காரர்கள் சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போகலாம். இதை யாரும் விதியாக எழுதிவைக்கவில்லை. எழுதாததால்தான் யாருக்கும் உறுத்தவும் இல்லை.

புயலில் எஸ்தரின் வீட்டுக் கூரை பறந்தபோது, கேட்பதற்கு முன்பே நாம் வசூல் செய்து கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த நல்ல மனதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சில வாரங்கள் கழித்து, மஞ்சள் அட்டைக்கும் வாக்கு வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் படித்துவிட்டு நம் கமிட்டி சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். மற்ற மஞ்சள் அட்டைக்காரர்களே, சம்பளத்தை ஏற்றச் சொல்வதை விட்டுவிட்டு வாக்கு எதற்கு என்று அவரைக் கடிந்துகொண்டார்கள். எஸ்தர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “காசு குடுக்க உங்க கை நீளுது. என் கைய தூக்க வுடறதுக்குத்தான் மனசு வர்ல.”

பிறகு அந்த ஷிஃப்ட் விவகாரம். ஏழு மணிக்குத் தொடங்கிய முதல் ஷிஃப்டை ஆறுக்கு மாற்றலாமா என்று நிர்வாகம் சங்கத்தைக் கேட்டது. கம்பெனி பஸ்ஸில் வரும் நமக்கு, மதியம் இரண்டுக்கே வீட்டுக்குப் போகலாம். எஸ்தரைப் போல ரயிலை நம்பி வருகிறவர்களுக்கு அந்த நேரத்துக்குத் தோதான வண்டி கிடையாது. எண்ணும் வேலை வழக்கம்போல எனக்கு. மேசைமேல் ஏறி நின்றேன். மாற்ற வேண்டும் என்று ஐம்பத்தெட்டு நீல அட்டைகள். வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றதும் நாற்பத்தேழு நீலம் உயர்ந்தது. அப்போது சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு மஞ்சள் அட்டை தனியாக மேலே வந்தது. எஸ்தர். ஒரு நொடி எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். பிறகு அவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒவ்வொரு கையாக எழுந்தது.

நான் நீலத்தை மட்டும் அறிவித்தேன். மறு வாரமே ஆறு மணி ஷிஃப்ட் வந்தது.

அன்று மாலை எஸ்தர் கேட்டார்: “என்னை எண்ணுனியாண்ணா?”

இல்லை என்றேன்.

“சரி, வுடு. அடுத்த வாட்டியும் தூக்குவேன்.” சொன்னபடியே மூன்று வருடமாக ஒவ்வொரு கூட்டத்திலும் தூக்கினார். நானும் ஒவ்வொரு தடவையும் அவரைத் தாண்டித்தான் எண்ணினேன். அந்த மூன்று வருடமும் அவர் இருட்டில் எழுந்து, ஷேர் ஆட்டோவுக்குக் கால் கடுக்க நின்று, ஆறு மணிக்கு என் எதிரே வந்து நின்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டதே இல்லை. திருப்பிக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கல்லறையில் நீங்கள் எல்லாரும் அழுதீர்கள். நானும் அழுதேன். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன். அன்று நான் எஸ்தரிடம் சொன்னது பொய். எண்ணினேன். மஞ்சள் கைகள் முப்பத்து மூன்று. அவற்றைச் சேர்த்திருந்தால் ஷிஃப்ட் மாறியிருக்காது. கணக்கு எனக்கு மேசைமேல் நின்றபோதே தெரியும்.

எஸ்தரின் நினைவாக என்னிடம் இருப்பது அந்த முப்பத்து மூன்றுதான். அடுத்த வாயிற்கூட்டத்தில் எண்ணுவதற்கு என்னை மறுபடி மேசைமேல் ஏற்றுவதானால் ஏற்றுங்கள். சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து தொடங்குவேன்.