வடக்குச் சுவரைப் பார்க்க வந்தவர்

2003-ஆம் ஆண்டின் மாதக் காலண்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஜெர்சி சிட்டியில் நாங்கள் அரிசி வாங்கிய கடை இலவசமாகக் கொடுத்தது. அதில் ஜனவரி 21, செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் அம்மாவின் கையெழுத்தில் ஒரு வரி: ‘4 மணி. ஆபீசர். சுவர்.’ அதற்கு முந்தைய இருபது கட்டங்களில் பதினொன்றில் ‘இழுப்பு’ என்ற ஒரு சொல் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. இழுப்பு என் தங்கைக்கு. அவளுக்கு அப்போது நான்கு வயது. எனக்குப் பத்து.

ஜர்னல் ஸ்கொயர் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், பழைய செங்கல் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) மன்ஹாட்டனில் ஒரு வங்கியில் கான்ட்ராக்டர். ஜன்னலுக்குக் கீழே, நீராவியால் அறையைச் சூடாக்கும் ஒரு இரும்பு ரேடியேட்டர் இருந்தது. காலையில் முக்கால் மணி நேரம் சீறிவிட்டு, மறுநாள் காலைவரை சில்லிட்டுக் கிடக்கும். வீட்டுக்காரருக்குப் போன் செய்தால் ஆள் அனுப்புகிறேன் என்பார். ஆள் வந்ததாக எனக்கு நினைவில்லை.

எனவே வீட்டைச் சூடாக்கும் பொறுப்பை அம்மா இட்லிப் பானையிடம் ஒப்படைத்திருந்தாள். காலை முதல் இரவுவரை அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். தங்கைக்கு மூச்சு இழுத்தால் அதே பானையின் முன் உட்காரவைத்து, போர்வை போர்த்தி, ஆவி பிடிக்க வைப்பாள். வெள்ளிக்கிழமைகளில் தலைக்கு ஊற்றிவிட்டுச் சாம்பிராணி போடுவாள். துவைத்த துணிகள் படுக்கையறைக் கொடியில் காயும். குளிர் நுழையாதிருக்க ஜன்னல் இடுக்குகளைப் பிளாஸ்டிக் டேப்பால் ஒட்டியிருந்தோம். ஆக, உள்ளே எழுந்த ஆவி முழுவதும் உள்ளேயே தங்கி, வீட்டிலேயே மிகக் குளிர்ந்த இடமான வடக்குச் சுவரில் போய் நீராகப் படிந்தது. அந்தச் சுவரை ஒட்டித்தான் எங்கள் கட்டில். முதலில் ஓதம் வந்தது. பிறகு மிளகைத் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். டிசம்பரில் என் கை அகலத்துக்குப் பூசணம். வைத்தியம் பார்க்கப் பார்க்கத்தான் தங்கைக்கு நோய் முற்றியது. அன்று அது எங்களில் யாருக்கும் தெரியாது.

ஜனவரி 17, வெள்ளிக்கிழமை மாலை, கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஹீட் வரவில்லை, சுவரில் பூசணம் என்று புகார் வந்திருக்கிறது, செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு நகராட்சி அதிகாரி வந்து பார்ப்பார் என்றது அது. அத்தா கோட்டைக் கழற்றாமலே அதை மூன்று முறை படித்தார்.

“யாரு கம்ப்ளெய்ன்ட் பண்ணது?”

“என்னையா கேக்குறீங்க? எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வந்தா நான் ஏன் இந்தக் குளிர்ல உக்காந்திருக்கேன்?” என்றாள் அம்மா.

“எச்-ஒன் விசா எக்ஸ்டென்ஷனுக்கு அப்ளை பண்ணிட்டு உயிரைக் கையில பிடிச்சிட்டு இருக்கேன். நம்மளது முஸ்லிம் பேரு வேற. இந்த நேரத்துல கவர்மென்ட்ல எந்த ஃபைல்லயும் நாம வரக் கூடாது.”

“வந்து பாத்துட்டுப் போகட்டுமேங்க. புள்ளைக்கு முடியல.”

“பாத்து? வீட்டுக்காரன் காலி பண்ணச் சொன்னா, இந்தப் பனியில எங்க போறது?”

வாடகைக்கு இருப்பவருக்குச் சாதகமாகவே சட்டம் இருந்தது என்பதை அத்தா பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்துகொண்டார்.

திங்கட்கிழமை விடுமுறை. அத்தா ப்ளீச் ஊற்றிச் சுவரைத் தேய்த்தார். பிறகு ஒரு டின் வெள்ளை பெயின்ட் வாங்கிவந்து இரண்டு கோட்டிங் அடித்தார். வீட்டுக்கு ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்றால் வீடு துப்புரவாக இருக்க வேண்டும். அவர் அழுக்கைப் பார்க்கவே வருகிறவராக இருந்தாலும் எங்கள் வீட்டில் அந்த விதி மாறாது. நானும் சமையலறைத் தரையைத் துடைத்தேன். அன்றிரவு ரேடியேட்டர் தானாகவே சீறத் தொடங்கி, விடியும்வரை ஓயவில்லை. அதே தாள் வீட்டுக்காரருக்கும் போயிருக்க வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் முதன்முறையாக ஸ்வெட்டர் இல்லாமல் தூங்கினேன். பெயின்ட் வாடையில் தங்கை மட்டும் இருமிக்கொண்டே இருந்தாள்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அத்தா என்னிடம், “அம்மாவுக்கு நீதான் டிரான்ஸ்லேட் பண்ணணும். எது கேட்டாலும் எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லு, என்ன?” என்றார். தேர்வுக்குப் போகிறவளைப்போலத் தலையாட்டினேன்.

அதிகாரி உயரமானவர், வயதானவர். வாசலில் செருப்புகளைப் பார்த்துவிட்டுத் தானும் ஷூவைக் கழற்றினார். நடு அறையில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துக் காத்திருந்து குறித்துக்கொண்டார். அந்த அறையின் சுவர்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அம்மா டீ கொண்டுவந்தாள். வேலை நேரத்தில் எதுவும் சாப்பிடக் கூடாது என்று அவர் கையசைத்தார். “ஒரு வாய் குடிக்கச் சொல்லுடி. உக்காரச் சொல்லு,” என்று அம்மா அவசரப்படுத்தினாள். நான் சொன்னேன். அவர் சிரித்து, பேனாவை மூடி, கிளம்பத் திரும்பினார். அப்போது அம்மா டீயைக் கீழே வைத்துவிட்டுப் படுக்கையறைக்குள் போய், தனியாகவே கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்தாள். சத்தம் கேட்டு அவர் உள்ளே வந்தார்.

சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. அவர் விரலை வைத்துப் பார்த்தார். ஓதச் சுவரில் பெயின்ட் சரியாகக் காயவில்லை. விரல் நுனி வெள்ளையானது. அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, முழங்காலை மடக்கி என் உயரத்துக்குக் குனிந்து, இங்கே குளிராக இருக்குமா, சுவரில் கறுப்பாக ஏதாவது இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். நிச்சயமாகவா என்று இன்னொரு முறை கேட்டார். எப்போதும் இப்படித்தான் சூடாக இருக்கும், தங்கைக்கு வெறும் ஜலதோஷம் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் போனபின் அம்மா, “என்ன கேட்டாரு? நீ என்ன சொன்ன?” என்றாள். பெருமையோடு ஒப்பித்தேன். அம்மா என்னைத் திட்டவில்லை. ஆறிப்போன டீயைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, குழாயை நிறுத்தாமல் வெகுநேரம் நின்றாள்.

புதன்கிழமை ரேடியேட்டர் பழையபடி அடங்கியது. அடுத்த வாரம் பெயின்ட்டைத் துளைத்துக்கொண்டு புள்ளிகள் வந்தன. ஜனவரி 30 காலையில் தங்கையின் உதடுகள் நீலமாயின. ஆம்புலன்ஸ் வந்தது. எமர்ஜென்சியில் டாக்டர், வீட்டில் ஈரம், பூசணம் உண்டா என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் அம்மா என் தோளை அழுத்திவிட்டு, தானே ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். திக்காமல் சொன்னாள். தங்கை ஆறு நாள் ஆக்சிஜனில் இருந்தாள். பிழைத்தாள். ஆனால் இன்றும் மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று இன்ஹேலரைத் தேடுகிறாள்.

பெரியவளானபின் நகராட்சிக்கு எழுதி அந்தப் புகாரின் பதிவைக் கேட்டுப் பெற்றேன். ஜனவரி 15, புதன், தொலைபேசி, பெண், பெயர் தரவில்லை. அவ்வளவுதான். கீழ்வீட்டுக்காரி செய்த வேலை என்று அத்தா இன்றும் சொல்கிறார். அம்மாவிடம் கேட்டால், “அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?” என்று எழுந்துபோய்விடுகிறாள்.

எனக்கு ஞாபகம் இருப்பது இது: அந்த வாரம் ஒருநாள், பள்ளியிலிருந்து வந்த என்னிடம் அம்மா, ‘வீட்டில் ஹீட் இல்லை, சுவரெல்லாம் கறுப்பு, குழந்தைக்கு மூச்சுவிட முடியவில்லை’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன்; அவள் தடுமாறியபோதெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. அது புகாருக்கு முந்தைய நாளான பதினான்காம் தேதியா, மறுநாளான பதினாறாம் தேதியா என்பதை என்னால் உறுதி செய்ய முடியவில்லை. காலண்டரில் பதினான்கு, பதினைந்து, பதினாறு ஆகிய மூன்று கட்டங்களும் காலியாக இருக்கின்றன.