கடலில் இறங்காத அப்பா

1996ஆம் ஆண்டு ஜூலை 13, சனிக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு, என் தந்தை ஒரு கோழை என்ற முடிவுக்கு வந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. இடம், இத்தாலியின் கிழக்குக் கரையில் ஒரு சிற்றூர். அதன் பெயரை நாங்கள் மூவரும் மூன்று விதமாக உச்சரித்துக்கொண்டிருந்தோம்.

அமெரிக்காவில் நாங்கள் வசித்த எடிசனிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் ரோமில் விமானம் மாற வேண்டியிருந்தது. அப்பா நடுவில் நான்கு நாட்களைச் செருகி, எங்களை ரயிலேற்றி இங்கே அழைத்து வந்திருந்தார். அவர் கட்டுமானப் பொறியாளர். பல நூற்றாண்டுகளாகக் கடற்காற்றைத் தாங்கி நிற்கும் கல் தேவாலயம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. என் ஆசை வேறு. குளிர்காலம் முழுவதும் நகர நீச்சல் குளத்தில் பயின்றிருந்தேன். உண்மையான கடலில் இருவரும் சேர்ந்து நீந்துவோம் என்று அப்பா வாக்களித்திருந்தார். கரையை அடைந்ததுமே தொலைவில் ஆடிய மஞ்சள் மிதவையை என் இலக்காகக் குறித்துக்கொண்டேன்.

அன்று காலை ஊரைச் சுற்றி வந்தோம். வெளிறிய கல் வீடுகள் பச்சை சன்னல்களைச் சாத்திக்கொண்டு நின்றன. அப்பா ஒவ்வொரு வளைவின் கீழும் நின்று, எந்தக் கல்லை உருவினால் எது சரியும் என்று விளக்கினார். ஒரு சலூன் வாசலில் நின்றிருந்த கிழவர், அப்பாவின் கழுத்தில் சுருண்டு தொங்கிய முடியைப் பார்த்து, இரண்டு விரல்களைக் கத்தரியாக்கிக் காட்டினார். எடிசனில் மாதம் தவறாமல் முடி வெட்டிக்கொள்ளும் மனிதர், மட்டம் போட்ட மாணவனைப் போல அவரிடமிருந்து நழுவினார். தேவாலய மணிக்கூண்டின் அடியில் மட்டும் சற்று யோசித்துவிட்டு, பிறகு உற்சாகமாக ஏறினார்.

கடற்கரையில் அம்மா குடை நிழலில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள். அப்பா கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு நடந்தார். அலை வந்து முடியும் கோட்டுக்கு ஓர் அடி முன்னால் நின்றுவிட்டார்.

"அப்பா, கமான்! யூ ப்ராமிஸ்ட்!"

"நீ போ கண்ணு. இடுப்பளவு தண்ணிலயே நில்லு. அப்பா இங்கேருந்து பாத்துட்டே இருக்கேன்."

"போங்களேன்," என்றாள் அம்மா. "ராகுகாலத்துலதான் ஏர்போர்ட்டுக்குக் கிளம்புவேன்னு அடம் பிடிச்சீங்க. இப்ப என்ன ஆச்சு ஐயாவுக்கு?"

"எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்ல. இந்தத் தடவை வேணாம், அவ்ளோதான்."

"யூ ஆர் ஸ்கேர்ட்," என்றேன், அந்தக் கரை முழுவதும் கேட்கும்படி.

அப்பா மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். "ஆமா கண்ணு, பயம்தான்," என்றார்.

மிதவை அன்று எனக்கு எட்டவில்லை. அப்பா இல்லாமல் இடுப்பளவு நீரைத் தாண்ட எனக்கு அனுமதி இல்லை. அம்மாவுக்கோ நீச்சல் தெரியாது. நீரில் நின்றபடி ஆத்திரத்துடன் கரையைப் பார்த்தேன். அப்பாவின் பார்வை என் மீதே இருந்தது.

மனைவி கருவுற்றிருக்கும்போது கணவன் கடலில் குளிக்கக் கூடாது, முடி வெட்டக் கூடாது, மலை ஏறக் கூடாது என்பார்கள் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில். இதை அம்மா எனக்குச் சொன்னது நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு. மணிக்கூண்டு மலையாகாது என்று அப்பா தனக்குத்தானே வழங்கிக்கொண்ட தீர்ப்பையும் அப்போதுதான் சிரித்துக்கொண்டே சொன்னாள். இத்தாலிக்கு இரண்டு கோடைகளுக்கு முன், நியூ ஜெர்சிக் கடற்கரையில் ஒரு வாரம் முழுவதும் அப்பா நீந்தினார். அடுத்த மாதம் அம்மா மருத்துவமனைக்குப் போனாள். நான் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் இருந்தேன். வயிற்றுவலி என்று எனக்குச் சொல்லப்பட்டது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பு கிடையாது என்பதை அப்பா எவரைவிடவும் நன்றாக அறிந்திருந்தார். அறிந்தும், அந்தக் கோட்டுக்கு ஓர் அடி முன்னால் நின்றார். மறு ஜனவரியில் தம்பி பிறந்தான். பிரசவத்துக்குப் பின் அப்பா செய்த முதல் காரியம் முடி வெட்டிக்கொண்டது.

இவை எதுவும் தெரியாத நான், இரவுக்குள் அப்பாவை மன்னித்து, அவரைத் திருத்தவும் தீர்மானித்திருந்தேன். தண்ணீருக்கு அஞ்சும் குழந்தைகளை என் பயிற்சி ஆசிரியை திட்ட மாட்டார். முதல் நாள் பாதங்களை மட்டும் நனைப்பார். மறுநாள் காலை, என் சிவப்பு வாளியில் கடல்நீரை மொண்டு வந்து, குடைக்கடியில் அமர்ந்திருந்த அப்பாவிடம் கால்களை நீட்டச் சொன்னேன். அவர் அம்மாவைப் பார்த்தார்.

"கால் நனைஞ்சா குளிச்ச கணக்குல வராதுங்க," என்றாள் அம்மா.

அப்பா கால்களை நீட்டினார். சிறிது சிறிதாக ஊற்றினேன். நான் ஊற்றி முடிக்கும்வரை அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பாடத்தைக் கவனிக்கவில்லை என்று அவரைக் கடிந்துகொண்டு, இன்னொரு வாளி கொண்டுவர ஓடினேன்.